இன்சுலின் பலனளிக்காதபோது மாற்று ஹார்மோன்: யாருக்குப் பொருந்தும், யாருக்கு ஆபத்து?

செமாகுளூடைட் என்னும் ஊசி மருந்தின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் மாதத்தோடு முடிவடைகிறது என்பதை முன்னிட்டு, இந்திய நிறுவனங்கள் பல அதன் பொதுப்பெயர் வடிவங்களைத் தயாரிக்க முன்கூட்டியே ஆயத்தமாயின. அதே வகையைச் சார்ந்த டிர்செபடைட் 2025 மார்ச் மாதத்தில் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளைத் தனது இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சேர்க்கை எல்லா நீரிழிவு நோயாளிகளுக்கும் ஆனதன்று. இரண்டாம் வகை நீரிழிவுடன் இதய நோய் அல்லது சிறுநீரக நோயும் உடல் பருமனும் உடையவர்களுக்கென அது வரையறுக்கப்பட்டது. செய்தி ஊர்களுக்கு வந்து சேரும்போது இந்த வரையறை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. "இன்சுலினுக்குப் பதில் வாரம் ஒரு ஊசி போதும்" என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

தருமபுரி மாவட்டம் தொப்பூரிலோ அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலோ வசிக்கும் நீங்கள் நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொள்பவராக இருப்பின், இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கக்கூடும். குறிப்பாக, அளவை எவ்வளவு கூட்டியும் சர்க்கரை இறங்காதவர்களிடம், "உங்கள் உடம்பு இன்சுலினை எதிர்க்கிறது, வேறு ஹார்மோனுக்கு மாறிவிடுங்கள்" என்று சொல்லப்படுவதுண்டு. இக்கூற்றில் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது. இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் சிலரது இரத்தத்தில் உருவாவதும், அத்தகையோரில் மிகச் சிலருக்கு வேறு ஹார்மோன் மருந்துகள் பயன்பட்டிருப்பதும் மெய்யே. ஆனால் அந்த மாற்று யாருக்கு உயிர் காக்கும், யாருக்கு உயிருக்கே ஆபத்தாகும் என்பது ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: உங்கள் கணையம் இன்னும் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா?

எதிர்ப்பொருள் என்ன செய்கிறது?

1922-ஆம் ஆண்டு சனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதன் பின்னர் அறுபது ஆண்டுகள் உலகம் முழுவதும் பயன்பட்டது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலினே. அது மனித இன்சுலினை ஒத்தது எனினும் முற்றிலும் அதுவே அன்று. வெளியிலிருந்து வரும் அந்நியப் புரதத்தை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதற்காக உடல் உருவாக்கும் புரதத்தையே எதிர்ப்பொருள் என்கிறோம். ஆன்டிபாடி என்று மருத்துவர்கள் குறிப்பிடுவதும் இதனையே.

இன்சுலினுக்கு எதிராகவும் அத்தகைய எதிர்ப்பொருள் உருவாகிறது என்பதை அமெரிக்காவின் பிராங்ஸ் பகுதியிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும் 1956-இல் நிறுவினர். இன்சுலின் மிகச் சிறிய புரதம், அதற்கு எதிர்ப்பொருள் உருவாகாது என்பதே அன்றைய அறிஞர் உலகின் நம்பிக்கை. ஆகவே, கட்டுரையின் தலைப்பிலிருந்து 'இன்சுலின் எதிர்ப்பொருள்' என்னும் சொல்லை நீக்கிய பின்னரே ஆய்விதழ் அதனை வெளியிட்டது. அதே கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த அளவீட்டு முறைக்காக யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். இரத்தத்தில் ஹார்மோன்களை நுட்பமாக அளக்கும் இன்றைய பரிசோதனைகள் பலவற்றுக்கு அம்முறையே மூதாய்.

1982 முதல் மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரிக்கப்பட்ட மனித இன்சுலின் பயன்பாட்டுக்கு வந்ததும் இச்சிக்கல் பெருமளவு குறைந்தது. எனினும் அறவே ஒழிந்துவிடவில்லை. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் பலரது இரத்தத்தில் இன்றும் சிறிதளவு எதிர்ப்பொருள் காணப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை.

மிகச் சிலரிடம் மட்டும் அது வேறு விதமாக நடந்துகொள்கிறது. தண்ணீரில் இட்ட பஞ்சினை எண்ணிப் பாருங்கள். செலுத்தப்பட்ட இன்சுலினை எதிர்ப்பொருள் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. உணவுக்குப் பின் இன்சுலின் தேவைப்படும் நேரத்தில் அது கிடைப்பதில்லை, சர்க்கரை ஏறுகிறது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, வயிறு காலியாக இருக்கும்போது பஞ்சு பிழியப்படுவதுபோல இன்சுலின் விடுபடுகிறது. சர்க்கரை திடீரெனத் தாழ்கிறது. பகலில் 350, இரவில் 45 என்று அளவுகள் ஊசலாடும். பகல் அளவைக் கண்டு மருந்தின் அளவைக் கூட்டினால் இரவின் ஆபத்தும் கூடும். இந்த நோயின் கொடுமை இங்கேதான் இருக்கிறது: பார்வைக்குச் சரியாகத் தோன்றும் சிகிச்சையே நோயை வளர்க்கிறது.

இன்சுலின் செலுத்திக்கொள்ளாதவருக்கும் இது நேரக்கூடும். சப்பானிய மருத்துவர் ஹிராட்டா 1970-இல் விவரித்த அந்நிலை அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கந்தகம் அடங்கிய சில மருந்துகள் அதனைத் தூண்டுகின்றன. தைராய்டு மிகைச் சுரப்புக்கான மெத்திமசோல், உடலுக்குள் மெத்திமசோலாக மாறும் கார்பிமசோல் ஆகியன அவற்றுள் அடங்கும். நம் ஊர்களுக்கு முக்கியமானது ஆல்பா லிப்போயிக் அமிலம். கால் எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் நரம்பு வைட்டமின் என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் இது கலந்திருக்கிறது. இம்மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் காரணமின்றிச் சர்க்கரை தாழத் தொடங்கினால், மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். காரணமான மருந்தை நிறுத்தினாலே இந்நிலை பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும்.

எதிர்ப்பொருளைச் சந்தேகிக்கும் முன்

'இன்சுலின் வேலை செய்யவில்லை' என்று வருவோரில் எதிர்ப்பொருளால் பாதிக்கப்பட்டோர் மிக அரியர். பெரும்பாலும் குறை இருப்பது சிரிஞ்சிலும் குப்பியிலும் ஊசி குத்தும் இடத்திலும்தான். சலிப்பூட்டும் செய்தி இது. ஆயினும் இப்பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் படிப்பதாயின் இப்பகுதியைப் படியுங்கள்.

இந்தியாவில் இன்சுலின் இரு அடர்த்திகளில் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. பேனாவில் பொருத்தும் மருந்தும் சில தனியார் குப்பிகளும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்டவை. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு: 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை மருந்தை எடுத்தால், உங்கள் உடலுக்குள் செல்வது 8 யூனிட் மட்டுமே. வாரக்கணக்கில் இவ்வாறு நிகழ்ந்தால், எந்த மருத்துவருக்கும் உங்கள் உடல் இன்சுலினை எதிர்ப்பதாகவே தோன்றும். மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே செல்வது 50 யூனிட். இது உயிரைப் பறிக்க வல்லது.

இந்தக் குழப்பத்துக்கு அண்மையில் ஒரு புதிய காரணமும் சேர்ந்துள்ளது. நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் மனித இன்சுலினின் பேனா வடிவங்களை இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளும் செய்தி 2025-இல் வெளியானது. குப்பி வடிவம் தொடர்கிறது. பல ஆண்டுகள் பேனாவைத் திருகி 20 என்று வைத்துப் பழகியவர்கள் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் மாற நேர்கிறது. நீங்களும் அவ்வாறு மாறியிருந்தால், குப்பியின் மேல் அச்சிடப்பட்ட எண்ணையும் சிரிஞ்சு மூடியின் நிறத்தையும் செவிலியரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதற்குத் தயங்க வேண்டியதில்லை. படித்தவர்களிடமும் இப்பிழை நேர்கிறது.

அடுத்தது வெப்பம். தருமபுரிக் கோடையில் ஓட்டுக் கூரையின் கீழோ, நிறுத்திய வண்டியின் முன்தட்டிலோ வைத்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், இரு மண்பானைகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்து இடையில் ஈரமணல் இட்டு, உட்பானையில் குப்பியை வைப்பது நன்கு பயன்தரும் முறை. உறைநிலைப் பெட்டியில் வைத்து உறைந்த இன்சுலினையும் பயன்படுத்தலாகாது. திறந்த குப்பியை ஏறத்தாழ 4 வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். குப்பியின் மேல் திறந்த தேதியை எழுதி வைப்பது எளிய பழக்கம்.

ஊசி குத்தும் இடமும் முக்கியம். வலி குறைவாக இருக்கிறது என்று தொப்புளின் ஒரே பக்கத்தில் நாள்தோறும் குத்துவோருக்கு அங்கே கொழுப்புக் கட்டி திரளும். அந்த இடத்தில் குத்தினால் வலி மேலும் குறையும், மருந்தின் உட்கிரகிப்பும் தாறுமாறாகும். விரல்களால் தடவிப் பாருங்கள். மெத்தென்றோ தடித்தோ இருக்கும் பகுதியை விட்டு விலகிக் குத்துங்கள். பல நாள் கட்டியில் குத்தியவர் நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு திடீரெனக் கூடுதலாக வேலை செய்யும். ஆகவே முதல் சில நாள்கள் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். மறைந்திருக்கும் தொற்றுகள், காசநோய், பல் சீழ், பிற நோய்க்கு உட்கொள்ளும் ஸ்டீராய்டு, பெயர் தெரியாத 'மூட்டுவலிப் பொடி'யில் கலந்திருக்கக்கூடிய ஸ்டீராய்டு ஆகியனவும் இன்சுலினின் தேவையைப் பன்மடங்கு உயர்த்தக்கூடியவை.

இவை அனைத்தும் சரியாக இருந்தும், நாளொன்றுக்கு 200 யூனிட் அளவையும் தாண்டி இன்சுலின் தேவைப்பட்டாலோ, உயர்வும் தாழ்வும் விளக்கமின்றி மாறி மாறி வந்தாலோ எதிர்ப்பொருளைச் சந்தேகிப்பது நியாயம்.

பரிசோதனை முடிவை எவ்வாறு புரிந்துகொள்வது?

'இன்சுலின் ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்ற ஒற்றை வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். மேலே கூறியவாறு, ஊசி செலுத்திக்கொள்ளும் பலரிடம் அது இருக்கும். குழந்தைகளுக்கு முதல் வகை நீரிழிவை உறுதிசெய்யவும் இதே பெயருடைய பரிசோதனை பயன்படுகிறது. ஆனால் இன்சுலின் தொடங்கி ஓரிரு வாரங்கள் கடந்த பின் அப்பொருளில் அதற்கு மதிப்பில்லை. ஊசியால் உருவானதா, நோயால் உருவானதா என்று அது பிரித்துச் சொல்லாது.

இரத்தத்திலுள்ள இன்சுலினை நேரடியாக அளப்பதும் இங்கே ஏமாற்றும். பஞ்சில் ஒட்டியிருக்கும் இன்சுலினும் சேர்ந்து கணக்கில் வருவதால் முடிவு மிக உயர்ந்து தோன்றும். அதில் பெரும்பகுதி வேலைக்கு உதவாத இன்சுலின். ஆகவே மருத்துவர்கள் சி-பெப்டைடு என்னும் வேறொரு பொருளை நாடுகின்றனர். கணையம் இன்சுலினைச் சுரக்கும்போதெல்லாம் அதற்கு இணையான எண்ணிக்கையில் சி-பெப்டைடையும் வெளியிடுகிறது. கடையில் வாங்கும் இன்சுலினில் இது இல்லை. எனவே இரத்தத்தில் சி-பெப்டைடு இருக்கிறது என்றால் உங்கள் கணையம் உயிர்ப்புடன் இருக்கிறது என்று பொருள். மிகக் குறைவு அல்லது இல்லை என்றால், நீங்கள் முழுவதுமாக வெளி இன்சுலினை நம்பி வாழ்கிறீர்கள். மாற்று ஹார்மோன் குறித்த முடிவு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாற்று ஹார்மோன்கள் எவை?

இன்று பரவலாகப் பேசப்படுவது குடல் ஹார்மோனின் சாயலில் செய்யப்பட்ட மருந்துகள். உணவு குடலை அடைந்ததும் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன், 'சர்க்கரை வருகிறது, இன்சுலினை வெளியிடு' என்று கணையத்துக்குச் செய்தி அனுப்புகிறது, கல்லீரலின் சர்க்கரை உற்பத்தியைத் தூண்டும் குளூக்ககானை அடக்குகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகச் செய்கிறது, பசியைக் குறைக்கிறது. இயற்கையான ஜிஎல்பி-1 இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். நீடித்து நிற்கும் வடிவம் முதலில் கிடைத்தது, அமெரிக்கப் பாலைநிலத்துப் பல்லியொன்றின் உமிழ்நீரிலிருந்து என்பது வியப்புக்குரியது. அதன் வழியில் பிறந்த எக்செனடைட் 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லிராகுளூடைட், துலாகுளூடைட், செமாகுளூடைட் ஆகியன பின்னர் வந்தவை. டிர்செபடைட், ஜிஐபி என்னும் மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இன்சுலின் எதிர்ப்பொருள் இம்மருந்துகளைப் பற்றிக்கொள்வதில்லை. இரண்டாம் வகை நீரிழிவு உடையவர், போதிய சி-பெப்டைடு உடையவர், எதிர்ப்பொருள் உறுதிப்பட்டவர் என்ற மூன்றும் பொருந்தினால், வெளியிலிருந்து வரும் இன்சுலினை மருத்துவக் கண்காணிப்பில் குறைத்து அல்லது நிறுத்தி, மெட்பார்மின் போன்ற மாத்திரைகளோடு இந்த ஊசியைத் தருவது பொருளுள்ள சிகிச்சை. எதிர்ப்பொருளைத் தூண்டுவது வெளி இன்சுலின்தான் என்பதால், அதனை நிறுத்தினால் எதிர்ப்பொருளின் அளவும் காலப்போக்கில் குறையும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரையும் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்த உதவுகிறது.

ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு வேலை செய்ய ஒரு கணையம் வேண்டும். சுரக்கும் உயிரணுக்களே அழிந்துபோன முதல் வகை நீரிழிவில் ஜிஎல்பி-1 மருந்து யாருக்குச் செய்தி சொல்லும்? இத்தகையோர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாள்களிலேயே இரத்தம் அமிலமாகி, கீட்டோன் மிகைத்து, உயிருக்கே ஆபத்தாகும். இது வெறும் அச்சமன்று. ஜிஎல்பி-1 மருந்தைத் தொடங்கும்போது இன்சுலினைச் சட்டென நிறுத்தியோ விரைந்து குறைத்தோ விட்டதால் கீட்டோன் நஞ்சேற்றம் ஏற்பட்ட நிகழ்வுகளைச் சுட்டி, பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019 சூனில் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்களுள் இரண்டாம் வகை நீரிழிவு உடையோரும் அடங்குவர்.

இரண்டாவது, மெய்யாகவே 'மாற்று' என்று சொல்லத்தக்க ஹார்மோன்: ஐஜிஎஃப்-1 எனப்படும் இன்சுலின் நிகர் வளர்ச்சிக் காரணி. இதன் கட்டமைப்பில் ஏறத்தாழப் பாதி இன்சுலினை ஒத்தது. எனினும் இன்சுலின் எதிர்ப்பொருள் இதனைப் பற்றுவதில்லை. இது தனக்கே உரிய ஏற்பி வழியாகச் செல்களுக்குள் சர்க்கரையைச் செலுத்துகிறது. பூட்டு அடைபட்ட வாசலை விட்டுப் பக்கத்துக் கதவின் வழியே நுழைவதைப் போன்றது இது. பெரும் அளவு இன்சுலினுக்கும் அடங்காத எதிர்ப்பொருள் நோயாளிகள் சிலருக்கு இது கொடுக்கப்பட்டு, சர்க்கரை அடங்கிய நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் உள்ளன. இன்சுலின் ஏற்பியிலேயே பிறவிக் குறை உடைய அரிய நோய்களுக்குச் சப்பானில் இம்மருந்து அனுமதி பெற்றுள்ளது. அமெரிக்காவில் 2005-இல் கிடைத்த அனுமதி, குழந்தைகளின் கடும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கே உரியது.

இதன் குறைகளும் சிறியவை அல்ல. வீக்கம், மூட்டு வலி, தாழ்சர்க்கரை ஆகியன வரக்கூடும். 1990-களில் நீரிழிவு நோயாளிகளிடம் நிகழ்ந்த ஆய்வுகளின்போது விழித்திரைப் பாதிப்பு மோசமடைந்தது கவலைக்குள்ளாகி, சாதாரண நீரிழிவுக்கு இதனை வழங்கும் முயற்சி கைவிடப்பட்டது. உங்கள் ஊர் மருந்துக் கடையில் கேட்டுப் பெறும் மருந்தன்று இது. பெரிய மருத்துவமனையில், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், வேறு வழிகள் அடைபட்ட பின் கடைசியாக எண்ணப்படுவது.

அதற்கு முன் செய்யத்தக்கவை வேறு உண்டு. ஒரு வகை இன்சுலினிலிருந்து கட்டமைப்பு சற்றே மாறுபட்ட மற்றொரு வகைக்கு மாற்றுவதே சிலருக்குப் போதுமாகிறது. இதற்கெனப் பயன்படும் மாற்று இன்சுலின்களுள் ஒன்றான கிளார்ஜின், 2022-ஆம் ஆண்டின் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கும் அடங்காதபோது, எதிர்ப்பொருளை உருவாக்கும் நோயெதிர்ப்பு அமைப்பையே தணிக்கும் ஸ்டீராய்டு, மைகோபீனலேட், ரிட்டுக்சிமாப் போன்றவையும், இரத்தத் திரவத்தை மாற்றும் பிளாஸ்மா சிகிச்சையும் பயன்படுகின்றன. ஸ்டீராய்டு தன்னளவிலேயே சர்க்கரையை உயர்த்தும் என்பதை இங்கே மறக்கலாகாது.

ஒல்லியானவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

பழைய மருத்துவ நூல்கள் நீரிழிவை இரண்டே வகையாகப் பிரித்தன. தமிழகத்தில் அந்தப் பிரிவு ஒருபோதும் முழுதாகப் பொருந்தியதில்லை. இளம் வயதில் தீராத வயிற்று வலியுடன் தொடங்கி, கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் திரண்டு, பின்னர் நீரிழிவாக முற்றும் வகை கேரளத்திலும் தமிழகத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. மேலும், சிறு வயதில் போதிய உணவின்றி வளர்ந்தோரிடம் காணப்படும் மெலிந்த உடலோர் நீரிழிவை 'ஐந்தாம் வகை' என்று 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. அதற்கான அறிவியல் சான்றுகளைத் திரட்டியதில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு பெரிது.

நீங்கள் எடை குறைந்தவராக இருந்து, நாற்பது வயதுக்குள் நீரிழிவு வந்திருந்தால், அல்லது கணைய அழற்சியால் முன்பே பாதிக்கப்பட்டிருந்தால், பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஜிஎல்பி-1 மருந்து உங்களுக்குரியதன்று. அடுத்த வீட்டில் 95 கிலோ எடையுள்ளவருக்கு நன்மை செய்த ஊசி, 45 கிலோ எடையுள்ள உங்களை மேலும் நலிவடையச் செய்யும். கருவுற்றோரும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உடையோரும் இதனைத் தவிர்க்க வேண்டும். விழித்திரைப் பாதிப்பு ஏற்கெனவே இருந்தால், சர்க்கரை மிக வேகமாக இறங்குவதே கண்ணைப் பாதிக்கலாம். ஆகவே தொடங்கும் முன் கண் பரிசோதனை அவசியம்.

நீரிழிவை முற்றாகக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டப்படி குற்றம். இன்சுலினை உடனே விட்டுவிடலாம் என்று உறுதி கூறுபவர் எந்த மருத்துவ முறையைச் சார்ந்தவராயினும், உங்கள் சி-பெப்டைடு அளவு என்னவென்று அவர் முதலில் கேட்டாரா என்று எண்ணிப் பாருங்கள்.

கணவாயில் வண்டி ஓட்டுவோருக்கு

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய், வளைவுகளுக்கும் சரிவுக்கும் விபத்துகளுக்கும் பெயர்பெற்றது. இரவு முழுவதும் சரக்கு வாகனங்கள் இறங்கும் தடம் இது. எதிர்ப்பொருளால் வரும் தாழ்சர்க்கரை பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் வருகிறது என்று மேலே கண்டோம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்நோய் ஒருவரின் வீட்டோடு நிற்பதில்லை என்பது விளங்கும்.

இன்சுலினோ சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் வண்டி எடுக்கும் முன் விரல்நுனியில் சர்க்கரை பார்ப்பது நன்று. நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 90-க்குக் கீழ் இருந்தால் சிறிது உண்ட பின்னரே புறப்படுங்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பார்வை மங்கல், காரணமற்ற எரிச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் சரிவில் இறங்கத் தொடங்கும் முன்பே ஓரமாக நிறுத்திவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளூக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சர்க்கரை சரியான பின்னும் மூளை தெளிவுபெற முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். எதிர்ப்பொருள் உடையவரிடம் பஞ்சில் இன்னும் இன்சுலின் மிச்சமிருக்கும் என்பதால் தாழ்சர்க்கரை மீண்டும் வரக்கூடும். எனவே சர்க்கரைத் தண்ணீரோடு நிறுத்தாமல் இட்லி, சப்பாத்தி, வாழைப்பழம் என ஏதேனும் உண்பதும் தேவை.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். அவர் இன்சுலின் எடுப்பவர் என்பதை ஊர்தியில் வருவோரிடம் முதலில் சொல்லுங்கள். ஓட்டுநர்கள் இத்தகவலை ஒரு சீட்டில் எழுதி உரிமத்தோடு வைத்துக்கொள்வது நல்லது. பணி போய்விடும் என்று அஞ்சி நோயை மறைப்போர் பலர். அவர்களது அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும் அந்தச் சீட்டு பிறருக்குத் தெரிவது நீங்கள் நினைவிழந்து கிடக்கும்போது மட்டுமே.

எங்கே, எப்படி அணுகுவது?

2021 ஆகஸ்டு 5 அன்று அண்டை மாவட்டமான கிருட்டிணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவருகின்றனர். உங்கள் சர்க்கரை ஏற்ற இறக்கத்தை முதலில் அறியக்கூடியவரும் அவரே. அவரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் பின்வருவனவற்றை எடுத்துச் செல்லுங்கள்: தற்போது பயன்படுத்தும் குப்பி, சிரிஞ்சு, உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகள், நேரம் குறித்து எழுதிய ஒரு வாரச் சர்க்கரை அளவுகள். அதிகாலை 3 மணி அளவு ஓரிரு நாளேனும் அதில் இருக்கட்டும். நடுநிசியில் எழுந்து பார்ப்பது துன்பம்தான். ஆனால் பகல் அளவுகள் மட்டும் கொண்ட குறிப்பேடு இந்நோயை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது.

சிரிஞ்சும் மருந்தும் குத்தும் இடமும் சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறுங்கள். தெற்கே சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மிக அரிய நிலைகளுக்கு, சென்னை மருத்துவக் கல்லூரியின் நீரிழிவியல் நிலையம், ராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் இயங்குகிறது. அங்கே செல்லும்போது, இன்சுலின் எதிர்ப்பொருள் சோதனையோடு சி-பெப்டைடு சோதனையும் செய்யப்படுமா என்று கேளுங்கள். தனியார் ஆய்வகத்தில் முன்னரே செய்திருந்தால் அந்த அறிக்கையையும், எந்தத் தேதியில் எந்த இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தபோது அது எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

வழி தெரியாதபோது 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். மருத்துவரைக் காணும் நாள் வரை இன்சுலினை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தி, கடும் வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாடை ஆகியன தோன்றினால் முன்பதிவு நாளுக்காகக் காத்திராமல் அன்றே, எந்த நேரமாயினும், அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.